கப்பல்ல நசுங்குன கைக்கு வக்கீல் வச்ச கதை: 5க்கு 3.5 ஸ்டார்

இந்த ரிவ்யூ எழுதணும்னு ரெண்டு மாசமா நினைச்சுட்டே இருந்தேன், இடது கையில டைப் அடிக்க இன்னும் லேட் ஆகுது, அதான் தள்ளிப்போச்சு. கப்பல்ல வேலை பாக்குறப்ப அடிபட்டவங்க கேஸ் மட்டும் எடுக்குற ஒரு வக்கீல் ஆபீஸ் பத்திதான். பேர் போட மாட்டேன், கமெண்ட்ல கேக்காதீங்க. கடைசியா நான் கையெழுத்து போட்ட பேப்பர்ல கம்பெனி பேரு, கப்பல் பேரு, தொகை எதுவும் வெளிய சொல்லக்கூடாதுனு ஒரு பாரா இருக்கு, வக்கீல் பேர சொன்னா ஒண்ணுல இருந்து ஒண்ணு புடிச்சு வந்துருவாங்க. ஆனா எப்படி வேலை செஞ்சாங்க, எங்க சொதப்புனாங்க, இந்த மாதிரி ஒரு சர்வீஸ்கிட்ட என்ன எதிர்பார்க்கலாம், அத சொல்றதுக்கு எந்த தடையும் இல்ல.

நான் ஃபிட்டர், இன்ஜின் ரூம்ல ரிப்பேர் வேலை. பல்க் கேரியர்ல (நிலக்கரி, தானியம் மாதிரி கொட்டி ஏத்துற சரக்கு கப்பல்) மெயின் இன்ஜின் எக்ஸாஸ்ட் வால்வ் கழட்டி மாட்டுற வேலை, நைட்டு, ஏற்கனவே 11 மணி நேரம் ஓடியாச்சு. செயின் பிளாக், அதான் பாரம் தூக்குற சங்கிலி கப்பி, பிரேக் புடிக்காம சர்ருனு இறங்குச்சு, வால்வுக்கும் ரெயிலிங்குக்கும் நடுவுல என் இடது மணிக்கட்டு. வலிய பத்தி எழுதி என்ன ஆகப்போகுது விடுங்க. சீஃப் ஆபிசர் ரேடியோல டாக்டர கேட்டு கட்டு போட்டு ஊசி போட்டாரு, துறைமுகம் வர 4 நாள் ஆச்சு, அங்க எக்ஸ்ரே எடுத்தா எலும்பு ரெண்டு இடத்துல போயிருக்கு.

அந்த 4 நாள்ல நடந்ததுதான் அப்புறம் கேஸையே தூக்கி நிறுத்துச்சுனு வக்கீல் சொன்னப்பதான் புரிஞ்சுது. ஆக்சிடென்ட் ரிப்போர்ட் டைப் பண்ணி கொண்டுவந்தாங்க, அதுல "பணியாளரின் கவனக்குறைவால்"னு இருந்துச்சு. நான் வலது கையால கீழ ஒரு வரி எழுதினேன், இந்த செயின் பிளாக் வழுக்குதுனு ரெண்டு வாரம் முன்னாடியே செகண்ட் இன்ஜினியர்கிட்ட சொல்லியிருக்கேன்னு. எழுதிட்டுதான் கையெழுத்து போட்டேன். செகண்டுக்கு மூஞ்சி செத்துப்போச்சு. ஆயிலர் (இன்ஜின் ரூம் உதவியாள்) தம்பி ஒருத்தன் யாரும் சொல்லாமயே போய் அந்த பிளாக்கோட போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிட்டான், அதுல ஒட்டியிருந்த இன்ஸ்பெக்ஷன் கலர் டேப் போன குவார்ட்டரோடது, அதாவது இந்த குவார்ட்டர்ல யாரும் அத செக் பண்ணல. அடுத்த நாள் போய் பாத்தா பிளாக்கே அங்க இல்லையாம், ஸ்கிராப்புக்கு போயிடுச்சாம். அவன் போட்டோ மட்டும் இல்லனா என் வாய் வார்த்தைக்கும் அவங்க டைப் அடிச்ச பேப்பருக்கும்தான் சண்டை, யார் ஜெயிப்பாங்கனு உங்களுக்கே தெரியும்.

வீட்டுக்கு அனுப்புனாங்க, ஆபரேஷன் கம்பெனி செலவுல நடந்துச்சு, சிக் வேஜஸ், அதாவது வைத்தியத்துல இருக்கறப்ப தர்ற சம்பளம், வந்துச்சு, நானும் பரவால்ல நல்ல கம்பெனினு நினைச்சேன். சரியா 16 வாரம் ஆனதும் எல்லாம் நின்னுச்சு. மேனிங் ஏஜென்ட்ட, அதான் கப்பலுக்கு ஆள் எடுத்து அனுப்புறவன, கேட்டா "எம்எல்சில அவ்வளவுதான் இருக்கு"ங்கிறான். அந்த 16 வாரம் எங்க இருந்து வந்துச்சுனு சொல்றேன், இது நிறைய பேருக்கு தெரியாது. கடல் தொழிலாளர் மாநாட்டு ஒப்பந்தம் 2006, நாம எம்எல்சினு சொல்றது, 2013 ஆகஸ்ட்ல அமலுக்கு வந்துச்சு. அதுல சைன் ஆன் ஆகி கப்பல் வேலையில சேர்ந்ததுல இருந்து வீடு வந்து சேர்ற வரைக்கும் வர்ற காயம், நோய் எல்லாத்துக்கும் வைத்தியச் செலவு ஓனர் தலையிலதான். இத ஒரு நாடு சட்டம் போட்டு குறைக்கணும்னா 16 வாரத்துக்கு கீழ குறைக்கக்கூடாது, சம்பளத்துக்கும் அதே கணக்கு. அதாவது 16 வாரம்ங்கிறது தரை, கூரை இல்ல. தரைய காட்டி இதான் கூரைனு சொல்லிட்டான் அந்த ஏஜென்ட். என் கப்பல்ல இருந்த யூனியன் ஒப்பந்தத்துல அதுக்கு மேலயே நாள் இருந்துச்சு, அந்த புக்க நான் 9 மாசம் கேபின் டிராயர்ல வச்சிருந்தும் ஒரு நாள் கூட பிரிச்சு பாக்கல, என்ன சொல்ல.

இங்க ஒரு உண்மைய சொல்லிடறேன், நான் நேரா இந்த ஆபீஸுக்கு போகல. மொதல்ல வந்தவன் ஒரு புரோக்கர். மெடிக்கல் செக்கப்புக்கு போற இடத்துல வாசல்லயே நிப்பானுங்க, கையில கட்டு பாத்தா போதும், "அண்ணே கேஸ் போட்டு பெருசா வாங்கி தரேன், முன்பணம் எதுவும் வேணாம்"னு தேன் மாதிரி பேசுவான், அவன் நீட்டுன பேப்பர்ல வர்றதுல பாதி அவனுக்கு. இது உலகம் பூரா நடக்குற வியாதி. பிலிப்பைன்ஸ்ல இது தாங்க முடியாம போய் 2015ல கடலோடிகள் பாதுகாப்புக்குனு தனிச் சட்டமே போட்டு, அடிபட்ட கடலோடிக்கு கிடைக்கிற தொகையில அவங்களுக்காக வாதாடுறவங்க பீஸ் 10% தாண்டக்கூடாதுனு கட்டிப்போட்டாங்க. புரோக்கர் பேப்பர்ல கையெழுத்து போடாம வந்தது என் வாழ்க்கையில நான் பண்ண சில புத்திசாலித்தனமான காரியத்துல ஒண்ணு.

அப்புறம் நெட்ல தேடினேன். அது இன்னும் மோசம். எத தட்டினாலும் ஜோன்ஸ் ஆக்ட், ஜோன்ஸ் ஆக்ட்னு விளம்பரமா வருது. அது அமெரிக்காவோட 1920ஆம் வருஷ சட்டம், ஓனரோட அஜாக்கிரதையால அடிபட்ட கப்பல்காரன் ஜூரி முன்னாடி கேஸ் போடலாம், 3 வருஷம் டைம், நல்ல சட்டம்தான். ஆனா வேற நாட்டுக் கொடி கட்டுன கப்பல்ல, வேற நாட்டு கம்பெனிக்கு வேலை பாத்து, நடுக்கடல்ல அடிபட்ட வெளிநாட்டுக்காரனுக்கு அந்தக் கதவு பெரும்பாலும் திறக்காது. நான் ராத்திரி முழுக்க அதப் படிச்சு கோடீஸ்வரன் ஆயிட்ட மாதிரி கனவு கண்டுட்டு காலைல ஒரு ஆபீஸுக்கு மெயில் போட்டா, "உங்க கப்பல் கொடி என்ன"னு ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு அப்புறம் பதிலே இல்ல.

கடைசியா சீஃபேரர் ஹெல்ப்னு 24 மணி நேரமும் ஓடுற இலவச ஹெல்ப்லைன் இருக்குல்ல, அதுல பேசினேன், பொறுமையா கேட்டாங்க, மொதல்ல யூனியன கேளுங்க, வக்கீல் வேணும்னா பீஸ எழுத்துல வாங்குங்கனு சொன்னாங்க. யூனியன் ஆளு ஒரு லெட்டர் போட்டாரு, அதுலயே நின்ன சம்பளம் திரும்ப வந்துச்சு, இதுக்கு எனக்கு ஒரு காசு செலவில்ல. கை நிரந்தரமா போச்சா இல்லையாங்கிற சண்டை வந்தப்பதான் இந்த வக்கீல் ஆபீஸ்.

இப்ப ரிவ்யூக்கு வரேன்.

மொத மீட்டிங் வீடியோ கால், ஒரு மணி நேரம், பீஸ் இல்ல. பேசின வக்கீலம்மா கேட்ட மொத கேள்வியே எனக்கு புடிச்சுது: "கப்பல்ல மெஸ் ரூம் பக்கம் ஒட்டியிருக்குற இன்சூரன்ஸ் சர்டிஃபிகேட் போட்டோ இருக்கா?" எவன்யா அதெல்லாம் போட்டோ எடுப்பான், எனக்கு அப்படி ஒண்ணு இருந்துச்சுன்னே தெரியாது. 2017 ஜனவரி 18ல இருந்து எம்எல்சி திருத்தப்படி, அடிபட்டா ஒப்பந்தத்துல சொன்ன நஷ்டஈட குடுக்க எங்ககிட்ட காப்பு இருக்குனு ஒரு சர்டிஃபிகேட்ட எல்லார் கண்ணுலயும் படுற மாதிரி கப்பல்ல ஒட்டி வைக்கணும். அதுல காப்பு குடுக்குறவன் பேரு, அட்ரஸ், போன் எல்லாம் இருக்கும். கம்பெனி போன எடுக்கலனாலும் அவங்ககிட்ட நாம நேரா கிளைம் போடலாம், நாம இல்லனா நம்ம குடும்பம் போடலாம். ஆயிலர் தம்பிக்கு மெசேஜ் போட்டேன், 10 நிமிஷத்துல போட்டோ வந்துச்சு. அவனுக்கு நான் ரெண்டாவது தடவை கடன்பட்டேன்.

அந்த காப்பு குடுக்குறவன் பெரும்பாலும் பி அண்ட் ஐ கிளப். இது சாதாரண இன்சூரன்ஸ் கம்பெனி மாதிரி இல்ல, ஓனருங்களே சேர்ந்து ஒருத்தருக்கொருத்தர் காப்பு குடுத்துக்கற சங்கம். இன்டர்நேஷனல் குரூப்னு 12 கிளப் சேர்ந்து உலக கப்பல் டன்னேஜ்ல (மொத்த கொள்ளளவுல) கிட்டத்தட்ட 90% அவங்க கையில வச்சிருக்காங்க. துறைமுக ஆஸ்பத்திரியில என்னை வந்து பாத்து, பழம் குடுத்து, சிரிச்சு சிரிச்சு பேசி, எப்படி நடந்துச்சு தம்பினு கேட்டு எழுதிட்டுப் போன கோட் போட்ட மனுஷன் கம்பெனி ஆளுனு நினைச்சேன். அவரு கிளப்போட கரஸ்பாண்டன்ட், அந்த ஊர்ல கிளப்புக்காக வேலை பாக்குற ஆளு. கெட்டவருன்னு சொல்லல, பில்லெல்லாம் அவருதான் கட்டுனாரு, ஆனா அவரு எழுதுனது யாருக்காகனு அப்ப எனக்கு தெரியாது.

அடுத்து அந்த ஆபீஸ் பண்ண பெரிய உதவி, ஒரு பேப்பர்ல கையெழுத்து போட விடாம தடுத்தது. நான் அவங்கள புடிக்கறதுக்கு ஒரு வாரம் முன்னாடி ஏஜென்ட் ஆபீஸ்ல இருந்து ஒரு ரசீது வந்திருந்துச்சு, இவ்வளவு தொகை முழுசா கடைசியா பெற்றுக்கொண்டேன், இனிமே எந்த உரிமையும் கோர மாட்டேன்னு. தொகைய பாத்தா எனக்கு பெருசாதான் தெரிஞ்சுது, வீட்ல வேற இஎம்ஐ, கை பரபரக்குது போட்டுறலாம்னு. அந்தம்மா சொன்னாங்க, ஒப்பந்தத்துல உள்ள தொகைக்கு கம்மியா வாங்கிக்கனு உங்கள நெருக்கவே கூடாதுனு எம்எல்சிலயே எழுதியிருக்கு, ஒப்பந்த நஷ்டஈடு முழுசாவும் தாமதமில்லாமலும் தரணும், அத வாங்குனா மத்த சட்ட உரிமை போகாது, இதுக்குனு மாதிரி ரசீது படிவமே எம்எல்சியோட பின்னிணைப்புல இருக்கு, இவங்க அனுப்புனது அது இல்லனு. அதோட ஊனம் எவ்வளவுனு முடிவாக லேட் ஆனா இடைக்கால பணம் கேக்கலாம்னும் அந்த திருத்தத்துல இருக்கு, அத கேட்டு ஒரு லெட்டர், மூணு வாரத்துல பணம் வந்துச்சு. இதுக்கு மட்டும் தனியா ஸ்டார் குடுக்கலாம்னா 5க்கு 5.

கிளப் தரப்புல ரெண்டு எதிர்வாதம் வச்சாங்க. ஒண்ணு, கிளவுஸ் போடல, அதனால என் தப்பு. வேணும்னே பண்ற தப்புக்கும் அசதியில விடுற தப்புக்கும் வித்தியாசம் இருக்கு, அடிபட்டவன் தப்புனு சொல்லி ஓனர் தப்பிக்க எம்எல்சில வழி குடுத்திருக்கறது வேணும்னே பண்ற தப்புக்கு மட்டும்தான். ஒப்பந்த நஷ்டஈட்டுக்கு யார் தப்புனு நிரூபிக்க வேண்டியதே இல்ல, அஜாக்கிரதைனு கோர்ட்டுக்கு போறப்பதான் அந்தக் கணக்கு வரும், அங்க என் பங்குத் தப்புக்கு கொஞ்சம் கழிப்பாங்க. இன்னொண்ணு, அதே கையில சின்ன வயசுல எலும்பு முறிஞ்சிருக்கு. இதுல நான் தப்பிச்சேன், ஏன்னா சைன் ஆன் ஆகறதுக்கு முன்னாடி மெடிக்கல்ல அத நான் சொல்லியிருந்தேன், பாரம்ல டிக் போட்டிருந்தேன். வேலை போயிருமோனு மறைக்கிற பசங்க நிறைய பேர எனக்கு தெரியும், நானே அன்னைக்கு மறைக்கலாமானு ரெண்டு நிமிஷம் யோசிச்சவன்தான். மறைச்சிருந்தா அத வச்சே கைய விரிச்சிருப்பாங்க.

அப்புறம் டாக்டர் கூத்து. கம்பெனி டாக்டர் 8% ஊனம், வேலைக்கு ஃபிட்னு எழுதிட்டாரு. ஃபிட்டாம். எனக்கு ஸ்பேனர் புடிச்சா கீழ விழுது. ஆபீஸ் ஒரு கை ஸ்பெஷலிஸ்ட்கிட்ட அனுப்புனாங்க, அவரு புடி பலத்த மெஷின்ல அளந்து, வலதுல வர்றதுல பாதி கூட இடதுல இல்லனு எழுதி, கப்பல் இன்ஜின் ரூம் வேலைக்கு நிரந்தரமா லாயக்கில்லனு முடிச்சாரு. ரெண்டு டாக்டர் ரெண்டு விதமா சொன்னா ரெண்டு தரப்பும் சேர்ந்து ஒரு மூணாவது டாக்டர போடணும், அவரு சொல்றதுதான் கடைசி, என் ஒப்பந்தத்துல அப்படித்தான். இந்த சதவீத சண்டை ஏன் முக்கியம்னா, ஒப்பந்தத்துல ஊன சதவீதத்துக்கும் ரேங்குக்கும் ஒரு டேபிள் இருக்கும், ஆனா சதவீதம் கம்மியா இருந்தாலும் கடல் வேலைக்கே இனி லாயக்கில்லனு டாக்டர் எழுதிட்டா முழுத் தொகையும் தரணும்னு யூனியன் ஒப்பந்தங்கள்ல ஒரு வரி வரும். அந்த ஒரு வரிக்காகத்தான் அவங்க ஃபிட்டு ஃபிட்டுனு அடிச்சுக்கிட்டாங்க. மூணாவது டாக்டர் லாயக்கில்லனு எழுதினாரு. அன்னைக்கு சந்தோஷப்படறதா அழறதானே தெரியல, 14 வருஷ கடல் வேலை ஒரு வரியில முடிஞ்சுது.

நடுவுல ஒரு பூகம்பம். ஆயிலர் தம்பி மெசேஜ், "அண்ணே கப்பல வித்துட்டாங்க, பேரு மாத்திட்டாங்க, கொடியும் மாறுது". எனக்கு தலையே சுத்திடுச்சு, ஓனரே இல்லனா யார்கிட்ட போய் கேக்கறது. ஆபீஸ்ல ஒரு ஜூனியர் பையன், வயசு 25தான் இருக்கும், அவன் சிரிச்சுட்டே சொன்னான், பேரு மாறும் கொடி மாறும், ஐஎம்ஓ நம்பர், அதான் கப்பலோட அடையாள நம்பர், மாறாது, 7 இலக்கம், கப்பல் உடைக்கற வரைக்கும் அதேதான். கடலோடியோட சம்பள பாக்கியும் காயத்துக்கான கிளைமும் பல நாடுகள் சட்டத்துல கப்பல் மேலயே ஒட்டிக்கற கடன், மேரிடைம் லியன்னு பேரு, கப்பல் கை மாறினாலும் கூடவே போகும், அந்த கப்பல் ஒரு துறைமுகத்துக்கு வர்றப்ப கோர்ட் மூலமா புடிச்சு வைக்க கேக்கலாம். ஆனா ஆற அமர இருக்கக்கூடாது, 1993 சர்வதேச ஒப்பந்தப்படி அந்த லியன் ஒரு வருஷத்துல காலாவதி. அவங்க புது ஓனருக்கும் கிளப்புக்கும் நோட்டீஸ் அனுப்புனதுக்கு அப்புறம்தான் பேச்சுவார்த்தை சூடு புடிச்சுது, கப்பல புடிக்கற அளவுக்கு போகவே இல்ல.

அதே பையன்தான் ஒரு நாள் காத்திருக்கறப்ப சொன்னான், 12ஆம் நூற்றாண்டுல இருந்து ஐரோப்பாவுல புழங்குன ஒலெரான்னு ஒரு கடல் சட்டத் தொகுப்பு இருக்காம், அதுல நோயாளி மாலுமிய கரையில இறக்கி, தங்க இடமும் மெழுகுவர்த்தியும் குடுத்து, பாத்துக்க ஒரு கப்பல் பையனயும் விட்டுட்டுப் போகணும்னு இருக்காம். எனக்கு துறைமுகத்துல வைஃபை பாஸ்வேர்டு கூட குடுக்கல.

இப்ப குறை. ஒன்றரை ஸ்டார் எதுக்கு வெட்டினேன்னா, மொத காரணம் ஆள் மாறிட்டே இருக்காங்க. 13 மாசத்துல என் ஃபைல் மூணு பேர் கை மாறுச்சு, ஒவ்வொரு புது ஆளுக்கும் நான் வால்வ் கழட்டுன கதைய முதல்ல இருந்து சொல்லணும், ஒருத்தர் "எந்த கால் சார்"னு கேட்டாரு. ரெண்டாவது, பீஸ். வர்றதுல ஒரு பங்குனு தெளிவா எழுத்துல குடுத்தாங்க, அது நியாயமான பங்குதான், புரோக்கர் கேட்டதுல பாதி கூட இல்ல. ஆனா டாக்டர் ரிப்போர்ட், மொழிபெயர்ப்பு, கூரியர், நோட்டரி இதெல்லாம் "இதர செலவு"னு தனியா கழிச்சாங்க, அது அந்த லெட்டர்ல 6ஆவது பக்கம் பொடி எழுத்துல இருக்கு, போன்ல யாரும் சொல்லல. அந்தம்மாகிட்ட கேட்டேன், கழுவுற மீன்ல நழுவுற மீன் மாதிரி பதில். யூனியன் லெட்டரால திரும்ப வந்த சிக் வேஜஸ்லயும் பங்கு எடுக்கப் பாத்தாங்க, அது உங்க மூலமா வரலயேனு நான் தேதி போட்டு மெயில் அனுப்பின அப்புறம்தான் அந்தப் பங்க விட்டுக்குடுத்தாங்க. இத நான் கவனிக்கலனா போயிருக்கும்.

அவங்க ஆப் சுத்த வேஸ்ட். டாக்குமெண்ட் ஏத்தினா சுத்திட்டே இருக்கும், கடைசியில வாட்ஸ்அப்லதான் எல்லாம் நடந்துச்சு.

யாருக்கு இது சரிப்படும்னா, ஒப்பந்தம் கையில இருக்கு, காயம் பெருசு, டாக்டருங்க ஒத்துப்போகல, அந்த நிலைமையில போங்க. வெறும் சிக் வேஜஸ் பாக்கினா யூனியனே போதும், எதுக்கு பங்கு குடுக்கணும். மீன்பிடி கப்பல்ல வேலை பாக்குற என் சினேகிதன் ஒருத்தன அனுப்பினேன், எம்எல்சி மீன்பிடி கப்பலுக்கு பொருந்தாது, அதுக்கு 2007ல போட்ட தனி ஒப்பந்தம், 2017 நவம்பர்லதான் அமலுக்கு வந்துச்சு, ஏத்துக்கிட்ட நாடுகளும் கம்மி, எங்களால உங்களுக்கு பெருசா பண்ண முடியாதுனு முகத்துக்கு நேரா சொல்லி அனுப்பிட்டாங்க. அவனுக்கு கோவம், எனக்கு மரியாதை வந்துச்சு, கேஸ எடுத்து இழுத்தடிச்சு காசு புடுங்கியிருக்கலாம்ல.

பணம் வந்துடுச்சு. ரசீதுல என் அப்பா பேர்ல ஒரு எழுத்து தப்பா அடிச்சதால பேங்க்ல 12 நாள் தொங்குச்சு, அத சரி பண்ணவும் நான்தான் போன் மேல போன் போட்டேன். என் ஒரிஜினல் டிஸ்சார்ஜ் புக் (கடல் வேலை கணக்கு பதியிற புக்) இன்னும் அவங்ககிட்டதான் இருக்கு, "அடுத்த வாரம் கூரியர் சார்"னு மூணாவது தடவையா சொல்லியிருக்காங்க, வந்து சேர்ந்தா அரை ஸ்டார் ஏத்தி எடிட் பண்றேன்.